மண் குதிரையும் மலை சைக்கிளும்

மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் டயரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்த ரப்பர், எத்தனை காற்று, ஓரத்துக் குமிழ்கள் எவ்வளவு உயரம் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கேட்டால் இரண்டு மணி நேரம்! அந்த டயர் உருள்கிற மண்ணைப் பற்றிக் கேளுங்கள்... "மண் நல்லா இருந்துச்சு" அல்லது "மண் சரியில்லை". அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

ஓட்டுகிறவர்கள் இப்படி இருந்தால் பரவாயில்லை. சாப்பிடுகிறவனுக்குச் சமையல் தெரிய வேண்டும் என்று சட்டமா என்ன? ஆனால் சமைக்கிறவனுக்கே தெரியவில்லை என்றால்? பாதை போடுகிறவர்களில் பலரும் மண்ணை இப்படித்தான் நடத்துகிறார்கள். அதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு: மலை சைக்கிள் பாதை என்பது காட்டுச் சரிவில் இரண்டு மூன்று அடி அகலத்தில் வெட்டிய மண் பாதை. வளைவுகளில் வெளிப்பக்கம் மண்ணை உயர்த்திச் சுவர் போலச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் பெர்ம். சைக்கிளோடு எகிறித் தாவுவதற்குத் தாவுமேடுகள் இருக்கும். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளில் இந்தப் பாதைகளில் பெரும்பகுதியைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சனி, ஞாயிறுகளில் மண்வெட்டியோடு மலை ஏறுகிறவர்கள். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உழைப்பை வீணாக்கும் ஒரு மூடநம்பிக்கையைப் பற்றித்தான் பேச்சு.

அந்த மூடநம்பிக்கையின் பெயர் "சூத்திரம்".

"ஒரு பங்கு களிமண், இரண்டு பங்கு மணல். பிரமாதமா நிற்கும்" என்பார் ஒருவர். "சே, களிமண்ணா? காட்டுக் கருமண்தான் பெஸ்ட்" என்பார் இன்னொருவர். "ஒரு டிரம் பாலிமர் ஊத்துங்க, அஞ்சு வருஷம் கவலை இல்லை" என்பார் மூன்றாமவர். மூவரும் கேட்காத கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, அந்த இடத்தில் தண்ணீர் எங்கே போகிறது? இரண்டு, காலடியில் என்ன மண் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வருகிற மூன்றாவது கேள்விதான் கலவை. வரிசையை மாற்றுகிறவர்கள் மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவர்கள். இங்கே அது பழமொழி மட்டுமல்ல, நேரடி வர்ணனையும்கூட!

மண்ணுக்குள் யார் யார்?

மண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பது ஒரு கூட்டுக் குடும்பம். துகளின் அளவை வைத்து மண் அறிவியலார் பிரிக்கிறார்கள். 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் சரளை. 2 முதல் 0.05 மி.மீ. வரை மணல். 0.05 முதல் 0.002 வரை வண்டல். அதற்கும் கீழே களி.

பாதையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. சரளையும் மணலும் எலும்பு. பாரத்தைத் தாங்குவது அவைதான். களி பசை. எலும்புகளை ஒட்ட வைப்பது அதுதான். எலும்பு மட்டும் இருந்தால் உதிரும். பசை மட்டும் இருந்தால் மழையில் சோப்புக்கட்டி, வெயிலில் வெடித்த ஏரித்தரை. வண்டல்தான் குடும்பத்தில் உருப்படாத பிள்ளை. மணலைப் போலப் பாரம் தாங்காது, களியைப் போல ஒட்டாது. காய்ந்தால் மாவுப் புழுதி, நனைந்தால் கூழ். தண்ணீர் முதலில் அடித்துக்கொண்டு போவதும் அதைத்தான். குளிர் நாடுகளில் உறைபனி பாதையைத் தூக்கிப் பொத்தென்று போடுவதும் வண்டல் மிகுந்த மண்ணில்தான் அதிகம்.

கல்லின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. ஆற்றுக் கூழாங்கல்லை எத்தனை அடித்தாலும் உருளும். உடைத்த ஜல்லியின் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மெக்காடம் பெயரில் 200 ஆண்டுகளாகச் சாலை போடும் உலகத்துக்கு இது புதிதல்ல. நம்மூரில் தார் வருவதற்கு முன் ஜல்லி பரப்பி, மேலே கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டிப் போட்ட கிராமச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கூர்முனைக் கல், இடைவெளியை அடைக்கப் பொடி, ஒட்டவைக்கக் கொஞ்சம் களி, பதமான ஈரம், மேலிருந்து அழுத்தம். நல்ல சைக்கிள் பாதையின் தத்துவமும் அதுதான். டயர் மாறியிருக்கிறது, மண் மாறவில்லை.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருவர் உண்டு: இலைமக்கு. மரத்தடியில் கருகருவென்று, மெத்தென்று, வாசனையாக இருக்கும் மேல்மண். செடிக்கு அமிர்தம். பாதைக்கு விஷம். அது பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலும் மக்கி மக்கி அளவில் குறைந்துகொண்டே போகும். இன்று அரை அடி உயரம் கட்டிய மேடு சில பருவங்களில் குழியாகிவிடும்.

ஒரு மலையின் பாடம்

சூத்திரக்காரர்கள் ஒருமுறை படிக்க வேண்டிய இடம், கனடாவில் வான்கூவர் நகரத்துக்கு வடக்கே இருக்கும் நார்த் ஷோர் மலைகள். சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள். கடல் மேகம் நேராக வந்து முட்டும் இடம். வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை, சில கிலோமீட்டர் தள்ளி இந்த மலைச்சரிவுகளில் 2,000 மி.மீ.க்கு மேல். தரையெங்கும் மக்கு, வேர், ஈரம்.

1990களில் அங்கே பாதை கட்டியவர்கள் இந்தச் சேற்றைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விழுந்து கிடந்த தேவதாரு மரத்தைப் பிளந்து, ஏணி போலப் படிச்சட்டம் அடித்து, சேற்றுக்கு மேலே மரப்பாலம் போட்டார்கள். டாட் ஃபியாண்டர், டான் கோவன் போன்றவர்கள் கட்டிய பாலங்களும், ஃபியாண்டர் எடுத்த வீடியோக்களும் உலகப் புகழ் பெற்றன. தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரு சாண் அகலப் பலகையில் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. எங்கெங்கோ இருந்தவர்களும் தங்கள் காட்டில் பலகை அடிக்கத் தொடங்கினார்கள், அங்கே சேறே இல்லாவிட்டாலும்!

பிறகு என்ன ஆனது? மரம் மரம்தானே. மழையில் ஊறிய பலகை உளுத்தது, ஆணி துருப்பிடித்தது, பாலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. 1997-இல் தொடங்கிய நார்த் ஷோர் மலை சைக்கிள் சங்கம் முதலான உள்ளூர்க்காரர்கள் மெதுவாக வேறு முறைக்கு மாறினார்கள். மக்கைச் சுத்தமாக வழித்து எறி. அடியில் தோண்டு. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற சரளையும் மணலும் பொடியும் கலந்த, துருநிறத்துக் கனிம மண் கிடைக்கும். அதை எடுத்துப் பாதையில் போட்டு அடி. செங்குத்தான இடத்தில் கல் பாவு.

அந்த அடிமண்ணுக்கு அங்கே வைத்திருக்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? "தங்கம்". பாதைக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு குழி தோண்டுவார்கள். தங்கத்தை வாளியில் அள்ளிப் பாதைக்குக் கொண்டு போவார்கள். குழியை வழித்தெடுத்த மக்கையும் கிளைகளையும் போட்டு மூடிவிடுவார்கள். விலை கொடுத்து வாங்கிய மண் இல்லை, லாரியில் வந்த மண் இல்லை. பல வருடம் பலகை அடித்துப் பழகிய மலையில், பலகைக்கு ஓரிரு அடி கீழேயே பதில் இருந்திருக்கிறது!

அதே சூத்திரம் எல்லா ஊருக்கும் ஆகுமா?

"அப்படியானால் நார்த் ஷோர் மண்தான் சிறந்த கலவையா?" என்று கேட்டால், மறுபடியும் சூத்திரப் பிசாசு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நியூசிலாந்தின் ரோட்டருவாவைப் பாருங்கள். 2006-இல் உலக மலை சைக்கிள் சாம்பியன் போட்டி நடந்த ஊர். எரிமலைப் பகுதி. வகாரேவாரேவா காட்டில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண். சல்லடை போலத் தண்ணீரை வடித்துவிடும். மழையில்கூட ஓட்டலாம் என்று ஊர் ஊராக வந்து ஓட்டுகிறார்கள். அங்கே போய் "களிமண் கொட்டுங்கள்" என்றால் சிரிப்பார்கள்.

கலிபோர்னியாவில் டாஹோ ஏரிப் பக்கம் போனால் கதை வேறு. கருங்கல் சிதைந்து உதிர்ந்த பருமணல். கோடையில் மழை அபூர்வம். எத்தனை அடித்தாலும் மேலே மணிமணியாக உருளும். அங்கே பற்றாக்குறை பசைதான். ஆனால் பசையைத் தேடி லாரி பிடிப்பதைவிட, தாராளமாகக் கிடைக்கும் பாறைகளைப் பதித்துச் சரிவைத் தாங்க வைப்பது புத்திசாலித்தனம்.

வேல்ஸில் கோயிட்-இ-ப்ரெனின் காடு இன்னொரு உதாரணம். பிரிட்டனின் முதல் மலை சைக்கிள் மையம் 1990களில் அங்கேதான் உருவானது. வருடம் முழுக்க ஈரம், வருடம் முழுக்கக் கூட்டம். மண்ணை மட்டும் நம்பினால் ஒரு குளிர்காலம் தாங்காது. அதனால் கல் பாவி, பொடிக்கல் பரப்பி, எந்தப் பருவத்திலும் ஓட்டக்கூடிய பாதைகளாகப் போட்டார்கள். பின்னாளில் பிரிட்டனில் வந்த பல மையங்களுக்கு அதுவே முன்மாதிரி.

மூன்று ஊர், மூன்று மண், மூன்று பதில். பொதுவானது ஒன்றே ஒன்று. மூன்று இடத்திலும் அந்த ஊர் மண்ணும் மழையும்தான் முடிவைச் சொன்னது.

தண்ணீர் என்னும் முதலாளி

அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய சர்வதேச மலை சைக்கிள் சங்கம் 2004-இல் பாதை கட்டுவது பற்றி ஒரு கைநூல் வெளியிட்டது. அதன் முக்கியமான விதிகளில் கலவைச் சூத்திரம் இல்லை, கவனித்தீர்களா? இருப்பதெல்லாம் சரிவும் தண்ணீரும்தான்.

பாதையின் சரிவு, அது போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. மலை 20 சதவீதம் சரிந்தால் பாதை 10-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காது. பாதையையே வாய்க்காலாக்கி ஓடும். மொத்தச் சராசரிச் சரிவும் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பாதையின் குறுக்கே வெளிப்பக்கமாகச் சுமார் 5 சதவீதச் சாய்வு வேண்டும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. அங்கங்கே பாதை சற்று ஏறி இறங்க வேண்டும். இறங்கி வரும் தண்ணீர் அந்த ஏற்றத்தைத் தாண்ட முடியாமல் வெளியே வழிந்துவிடும்.

இவை சரியாக இருந்தால் சுமாரான மண்ணும் வருடக்கணக்கில் நிற்கும். இவை தவறாக இருந்தால் உலகத்தின் மிகச் சிறந்த கலவையும் ஒரு மழைக்காலத்தில் ஓடைக்குப் போய்ச் சேரும். ஓட்டைப் பானையில் பால் ஊற்றினால் என்ன, பாயசம் ஊற்றினால் என்ன?

கொஞ்சம் கணக்கு

"பக்கத்து மண் சரியில்லை, நல்ல மண் வாங்கிவிடலாம்" என்று சுலபமாகச் சொல்கிறார்களே, அந்தச் சுலபத்தின் விலை என்ன?

பத்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம். சின்ன வேலைதான். அடித்து இறுகிய மண் 1.5 கன மீட்டர். உதிரி மண் அடிக்கும்போது அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள்; சுமார் 1,875 லிட்டர். 15 லிட்டர் வாளியில் 125 வாளி. வாளிக்கு 20 கிலோ என்றால் மொத்தம் இரண்டரை டன்!

லாரி காட்டுக்குள் வராது. சாலையில் கொட்டிவிட்டுப் போய்விடும். சாலை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், 125 வாளிக்குப் போக வர 250 கிலோமீட்டர் நடை. அதில் பாதி தூரம் தலைச்சுமையோடு. 20 மீட்டரில் குழி தோண்டினால் மொத்த நடை 5 கிலோமீட்டர். ஐம்பதில் ஒரு பங்கு! தன்னார்வலர்களின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விலை இல்லை என்பதால்தான் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. கூலி கொடுத்துச் செய்திருந்தால் முதல் நாளே போட்டிருப்பார்கள்.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரிக்கச் சொல்லித்தருவார்கள். பாதைக்கும் அது பொருந்தும். சரியான சரிவும் வடிகாலும் மூலதனச் செலவு. ஒருமுறை செய்தால் பல வருடம் பலன் தரும். வருடா வருடம் கரைந்துபோன பெர்முக்கு மண் அப்புவது வருவாயினச் செலவு. பல குழுக்கள் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாக நினைத்துக்கொள்கின்றன.

1999-இல் திறந்த விஸ்லர் பைக் பார்க் போன்ற இடங்களைக் காட்டி "அங்கே மட்டும் எப்படி?" என்று கேட்கக் கூடாது. அது டிக்கெட் விற்கும் இடம். சம்பள ஆட்கள், இயந்திரங்கள், ஓயாத பராமரிப்பு எல்லாம் உண்டு. அந்த மேட்டின் வடிவத்தைப் பார்த்துக் காப்பியடிக்கிறவர்கள் அந்தச் சம்பளப் பட்டியலைக் காப்பியடிக்க முடியுமா?

டிரம்மில் வரும் தெய்வம்

பாலிமரும் சிமென்டும் கெட்டவை அல்ல. இடம் தெரியாமல் வந்தவை. நகரத்துப் பூங்காவில், லாரி வரும் இடத்தில், சிறுவர்கள் நாளெல்லாம் சுற்றும் பம்ப் டிராக்குக்கு அதைப் போடுங்கள், தாரே போடுங்கள், நியாயம்.

காட்டுப் பாதையின் பலம் வேறு. உடைந்தால் அதே மண்ணை நனைத்து, கொத்தி, மறுபடி அடித்துச் சரிசெய்துவிடலாம். சிமென்ட் கலந்த மண் அப்படி அல்ல. அடியில் தரை அசைந்தால் ஓடு போல வெடிக்கும். வெடித்த துண்டை மறுபடி நனைத்துப் பிசைய முடியாது. பெயர்த்து எறியத்தான் வேண்டும். எறிவது எங்கே? அதே காட்டில்! ஐந்து வருடக் கவலையை டிரம்மில் வாங்கி ஆறாவது வருடத்துக்கு வாரிசுரிமையாக எழுதி வைப்பதுதான் இது.

மண்ணோடு வரும் விருந்தாளி

இதுவரை சொன்னது பணமும் உழைப்பும். இனி வருவது உயிர் விஷயம்.

வெளி மண் தனியாக வருவதில்லை. களை விதையும் கிருமியும் சேர்ந்து வரும். கலிபோர்னியாவில் 1990களின் நடுவில் ஓக் மரங்கள் திடீர் திடீரென்று சாகத் தொடங்கின. காரணம் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற கிருமி என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். தண்ணீரிலும் மண்ணிலும் பரவக்கூடியது. செருப்பில், டயரில் ஒட்டிய சேறுகூட அதற்கு வாகனம்.

நியூசிலாந்தில் கவ்ரி என்ற பிரம்மாண்டமான மரத்தை அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி வேரிலிருந்து கொல்கிறது. பரவுவது முக்கியமாக மண்ணால். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆக்லாந்து பக்கத்து வைட்டாகெரே மலைக்காட்டுக்குள் போக வேண்டாம் என்று 2017 டிசம்பரில் அந்த மண்ணின் மாவோரிக் குடியினர் மரபுவழித் தடை விதித்தார்கள். 2018 மே மாதம் ஆக்லாந்து மாநகராட்சியும் காட்டுப் பகுதியை மூடியது. பிறகு சேறு ஒட்டாதபடி சீரமைத்த பாதைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கொஞ்சம் யோசியுங்கள். செருப்பில் ஒட்டிய சிட்டிகை மண்ணுக்கே ஒரு காட்டை மூட வேண்டியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத இரண்டரை டன் மண்ணை ஒரு காட்டுக்குள் கொட்டுகிறவர் என்ன தைரியத்தில் கொட்டுகிறார்?

பழுது பார்ப்பதா, பூசி மெழுகுவதா?

புதுப் பாதையைவிடப் பழுதுபார்ப்பில்தான் சூத்திரப் பைத்தியம் அதிகம். பாதையில் குட்டை தேங்குகிறது. உடனே ஒரு சட்டி மண் கொட்டுகிறார்கள். குட்டை இரண்டடி தள்ளிப் போகிறது. அங்கேயும் ஒரு சட்டி! குட்டை என்பது மண் பற்றாக்குறை அல்ல, வடிகால் பற்றாக்குறை. வெளி ஓரத்தில் சேர்ந்துபோன வரப்பை வெட்டிவிட்டால் பாதிக் குட்டைகள் அன்றைக்கே காணாமல் போகும். மண் செலவு பூஜ்யம்.

சைக்கிள் சக்கரம் அறுத்த பள்ளத்தில் உதிரி மண்ணைத் தூவிவிட்டுப் போவதும் அப்படித்தான். பழைய இறுகிய தரையும் புது மண்ணும் ஒட்டாது. அடுத்த மழையில் புது மண் மட்டும் கழன்று வரும். பள்ளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, அதே இனத்து மண்ணை நான்கைந்து அங்குலம் போட்டு அடித்து, அதன் மேல் அடுத்த அடுக்கு போட்டு அடிக்க வேண்டும்.

ஈரம் முக்கியம். 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அணை கட்டும் வேலையில் இருந்த ப்ராக்டர் என்ற பொறியாளர் இதைச் சோதித்துக் காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு பதமான ஈரம் உண்டு; அந்த ஈரத்தில் அடித்தால்தான் அது அதிகபட்சம் இறுகும். குறைந்தாலும் இறுகாது, கூடினாலும் இறுகாது. இன்றும் உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் செய்யும் சோதனை அவர் பெயரில்தான் இருக்கிறது. காட்டில் ஆய்வகம் வேண்டாம். ஒரு பிடி மண்ணைக் கையில் இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் குத்தினால் இரண்டாகப் பிளக்க வேண்டும். பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் வீட்டுக்குப் போங்கள், நாளை வாருங்கள்.

அதேபோல் மண்ணின் சேர்மானத்தை அறிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும். வண்டல் சில மணி நேரத்தில். களி மறுநாள் வரை மிதக்கும். மக்கு மேலே மிதந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். அடுக்குகளை அளந்தால் அந்த மலையின் ஜாதகம் கையில்! களி அறவே இல்லையென்றால் பக்கத்துச் சரிவில் இன்னொரு குழி தோண்டிப் பாருங்கள். களி மட்டும்தான் என்றால் உடைகல்லும் பருமணலும் சேருங்கள். மண் சுவர் கட்டுகிறவர்கள் சொல்லும் முக்கால் பங்கு மணல்-சரளை, கால் பங்கு களி என்பது போன்ற கணக்கெல்லாம் இந்தப் பாட்டிலுக்குப் பிறகுதான் பயன்படும். அதுவும் தொடக்கப்புள்ளியாக மட்டும்.

"அப்படியானால் வெளி மண்ணே கூடாதா?"

கூடும். காலடியில் ஆளை விழுங்கும் சதுப்பு, அல்லது தோண்டத் தோண்டக் கடற்கரை மணல் என்றால் வேறு வழியில்லை. அப்போதும் மண் வேண்டாம், கல் வாங்குங்கள். மிக அருகிலுள்ள குவாரியில் உடைத்த, பொடியோடு கூடிய ஜல்லி. கிருமி ஆபத்து குறைவு, சேர்மானம் தெரிந்தது, கரையாது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அந்தச் சதுப்பு வழியாகத்தான் பாதை போயாக வேண்டுமா? பாதையை முப்பது மீட்டர் மேலே தள்ளிப் போட்டால் என்ன? கலவையால் தீராத பல வியாதிகள் இடமாற்றத்தால் தீரும்.

"கருமண்ணில் ஓட்டுகிற சுகமே தனி" என்பவர்களுக்கும் ஒரு பதில். சுகம்தான், யார் மறுத்தது? புதிதாகச் சீவிய மக்குத் தரையில் டயர் வெண்ணெயில் கத்தி போல இறங்கும். ஆனால் அந்தச் சுகம் முதல் சில நூறு பேருக்கு. பிறகு வேர்கள் வெளியே வரும், பள்ளம் விழும், பள்ளத்தைத் தவிர்க்கப் பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள், அப்புறம் இன்னொன்று. முதலில் வந்தவர் வெண்ணெயைத் தின்றுவிட்டுப் போக, பின்னால் வருகிறவர் வெறும் சட்டியைக் கழுவுகிறார்.

எதற்கு இத்தனை கோபம்?

மண்ணைப் பற்றி இவ்வளவு சண்டை தேவையா என்று தோன்றலாம். இந்த விளையாட்டு பிறந்த ஊருக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

1976-இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஒரு மண் சாலையில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். சுமார் மூன்று கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். ஒருமுறை இறங்கியதும் பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் வெந்து ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று இந்தச் சைக்கிளை உருவாக்கியவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள்தான். பத்து வருடம் ஆவதற்குள், 1980களிலேயே, அதே மாவட்டத்தின் டமால்பயஸ் மலையில் பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை. சொன்ன காரணங்களில் ஒன்று நடப்பவர்களின் பாதுகாப்பு. இன்னொன்று மண் அரிப்பு.

அந்தக் குற்றச்சாட்டு முழுக்க நியாயமா என்று இன்றும் விவாதிக்கலாம். விவாதத்தால் ஒரு பாதைகூடத் திறக்காது. கனமழைக்கு மறுநாள் வந்து பார்க்கும் வன அதிகாரியிடம் எந்த வாதமும் எடுபடாது. அவர் கண்ணுக்குத் தெரிவது பாதை மட்டும்தான். தண்ணீர் ஓரமாக வழிந்திருந்தால் அந்தப் பாதை பிழைக்கும். ஓடையில் செம்மண் கலங்கி ஓடினால் போச்சு. அந்த மண் எந்தச் சூத்திரத்தில் கலந்தது என்று அவர் கேட்கப்போவதில்லை.

ஆகவே, பாதை போடும் நண்பர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மூன்று வேலை. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு பாதையில் ஒருமுறை நடந்து, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். மக்கை வழித்துவிட்டு இரண்டடி தோண்டுங்கள். ஒரு பாட்டிலைக் குலுக்கி மறுநாள் வரை காத்திருங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் வெளி மண் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். லாரிக்காரருக்கு அன்றைக்கு வேலை இருக்காது என்றுதான் தோன்றுகிறது!